ஆடுவதெல்லாம் உடைந்ததல்ல



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்களுக்காக நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் ஆடினால் அது உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கோ ஒரு பிடி விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தைத் தேடிப் பார்க்காமலே "தூக்கிப் போடு, புதுசு வாங்கு" என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிக்கொண்டிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகள் ஒரு படம் போட்டிருந்தாள். பழைய கேமரா லென்ஸ் ஒன்று. "மாமா, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஃபோகஸ் வளையம் ஆடுது. தூரத்துல இருக்கறது எதுவுமே கிளியரா வரலை. வித்தவர் திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறார்" என்று கூடவே எழுதியிருந்தாள். முதல் சம்பளத்தில் சேர்த்து வைத்து நாலாயிரத்து ஐநூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

அரை மணி நேரத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. "ஏமாந்துட்டியேம்மா." "பழைய சாமான் வாங்கினா இப்படித்தான்." "புதுசு வாங்கிக்கோ கண்ணு, பெரியப்பா காசு அனுப்புறேன்." எல்லாம் பாசத்தில் சொன்னவைதான், மறுக்கவில்லை. ஆனால் "எந்த இடம் ஆடுது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் காட்டிய கடையிலும் அதைக் கேட்கவில்லையாம். கையில் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பார்ட்ஸ் தேவையா என்று தெரிவதற்கு முன்பே பார்ட்ஸ் கிடைக்காது என்ற பதில்!

அந்த லென்ஸைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் ஹீலியோஸ் 44-2. சோவியத் ஒன்றியத்தில் செய்தது. ஜெனிட் கேமராக்களுடன் லட்சக்கணக்கில் வெளிவந்தது. குவியத் தூரம் 58 மில்லிமீட்டர், பெரிய திறப்பு எஃப் 2. இதன் மூல வடிவம் ஜெர்மனியின் ஜீஸ் நிறுவனம் போருக்கு முன் செய்த பயோட்டார் லென்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வடிவத்தை அடிப்படையாக வைத்து ரஷ்யர்கள் செய்ததுதான் ஹீலியோஸ். உள்ளே ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக இருக்கின்றன. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது, சிப் கிடையாது. கண்ணாடி, உலோகம், கிரீஸ், சில திருகாணிகள், அவ்வளவுதான்.

இவள் வாங்கியதில் பட்டகத்துக்குள் ஒளிக்கதிர் நுழைந்து போவது போன்ற ஒரு முத்திரை இருக்கிறது. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலையின் முத்திரை அது. பத்தாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த படம் நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதேதான். வரிசை எண் 76 என்று தொடங்குகிறது. இந்த லென்ஸ்களில் பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கங்கள் செய்த ஆண்டைக் குறிக்கும். ஆக, 1976. ஐம்பது வருஷம் ஆகப்போகிற ஒரு பொருளில் ஒரு வளையம் தளர்ந்திருக்கிறது. இதில் ஏமாற்றம் எங்கே இருக்கிறது? ஐம்பது வயதில் நமக்கு எத்தனை இடம் தளர்ந்தது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தளர்வு ஏன் வருகிறது? திருகாணி தன் பலத்தால் எதையும் பிடிப்பதில்லை, உராய்வால் பிடிக்கிறது. இறுக்கும்போது அதன் மரைகள் எதிர் மரைகளின் மேல் அழுந்தி நிற்கின்றன. அந்த அழுத்தம் இருக்கும்வரை நகராது. பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோகும் அதிர்வு, பகல் சூட்டில் உலோகம் விரிந்து இரவில் சுருங்குவது, திருகாணி நகராமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த அரக்குப் பூச்சு காலப்போக்கில் காய்ந்து உதிர்வது என்று எல்லாம் சேர்ந்து அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஒருநாள் மரை கழன்றுவிடும். நாம் ஆட்களைத்தான் "மரை கழண்டவன்" என்று கிண்டல் செய்கிறோம். பொருளுக்கு மரை கழன்றால் அது கிண்டலுமில்லை, சாபமுமில்லை. திரும்ப இறுக்கலாம்.

"கொஞ்சம் ஆடினால் என்ன, படம் வந்தால் சரிதானே" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இதற்குக் கணக்கு இருக்கிறது. லென்ஸ் பாடத்தில் நியூட்டன் பெயரில் ஒரு சூத்திரம் உண்டு. முன் குவியத்திலிருந்து பொருள் இருக்கும் தூரத்தையும், பின் குவியத்திலிருந்து பிம்பம் விழும் தூரத்தையும் பெருக்கினால், குவியத் தூரத்தின் வர்க்கம் வரும். 58-இன் வர்க்கம் 3364. இப்போது லென்ஸ் தன் சரியான இடத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுத் தாள் ஒன்றின் கனம் சுமார் அவ்வளவுதான் இருக்கும். 3364-ஐ 0.1-ஆல் வகுத்தால் 33,640 மில்லிமீட்டர், அதாவது சுமார் 34 மீட்டர். ஒரு தாள் கனத்துக்கு லென்ஸ் பின்னால் போக மறுத்தால், கோபுரத்தின் மேல் விழவேண்டிய கூர்மை 34 மீட்டர் தூரத்தில் இருக்கும் டீக்கடைப் பலகையின் மேல் விழும். கோபுரம் மங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே பிழை எஃப் 8 திறப்பில் கண்ணுக்குத் தெரியாது. திறப்பு சிறியதானால் ஒளிக்கூம்பு ஒல்லியாகிவிடும், மங்கல் வட்டமும் சுருங்கிவிடும். எஃப் 2-இல் 0.05 மில்லிமீட்டர் அகலமாக விழும் வட்டம், எஃப் 8-இல் நாலில் ஒரு பங்காகிவிடும். இவள் கடை வாசலில் நல்ல வெயிலில் எடுத்துப் பார்த்தபோது படம் பிரமாதமாக இருந்ததற்கும், சாயங்காலம் திறப்பைப் பெரிதாக்கியதும் குட்டு வெளிப்பட்டதற்கும் இதுதான் காரணம். விற்றவர் வேண்டுமென்றே மறைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: திறப்பை முழுதாகத் திறந்து, மிகத் தூரத்தில் இருக்கும் ஒன்றைப் படமெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வரச் சொன்னேன். "மாமா, நீங்களே சரிபண்ணிக் குடுத்துடுங்க" என்றாள். மாட்டேன் என்றேன். கை உன்னுடையது, கண்ணாடி மட்டும் என்னுடையது என்று என் படிக்கும் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

முதல் வேலை, ஆடுவது எது என்று கண்டுபிடிப்பது. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டும்போது நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். இந்த லென்ஸின் எம்42 மரைக்கு, லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அவளுடைய சோனி கேமராவில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர்தான். மிச்சம் 27.46 மில்லிமீட்டர். அதை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். ஆக, ஆட்டம் மூன்று இடங்களில் இருக்கலாம்: கேமராவும் அடாப்டரும் சேரும் இடம், அடாப்டரும் லென்ஸும் சேரும் இடம், லென்ஸின் உள்ளே. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஆய்வகத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கேமராவும் அடாப்டரும் சேரும் இடத்தில் ஒரு நூலிழை சுழற்சி இருந்தது. பல கேமராக்களில் அது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. அடாப்டரும் லென்ஸும் கெட்டியாக இருந்தன. லென்ஸைத் தனியாகக் கழற்றி ஃபோகஸ் வளையத்தைத் திருப்பியபோது விஷயம் தெரிந்தது. வளையம் கொஞ்ச தூரம் சும்மா சுற்றுகிறது, உள்ளே ஒன்றும் நகரவில்லை. அப்புறம்தான் பிடித்து இழுக்கிறது. கண்ணாடிகள் ஆடவில்லை, குழலும் ஆடவில்லை. வெளி வளையம் மட்டும் உள்ளிருக்கும் மரைக்குழலின் மேல் வழுக்குகிறது. அதனால் வளையம் முடிவிலிக் குறியில், அதாவது படுத்துக் கிடக்கும் எட்டில், போய் முட்டி நின்றுவிட்டாலும் உள்ளே லென்ஸ் முழுதாகப் பின்னால் போய்ச் சேர்வதில்லை. கோபுரம் மங்கியது அதனால்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். லென்ஸைக் காதருகே ஆட்டிப் பார்த்து "கடகட"வென்று கேட்டால் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி உள்ள இன்றைய லென்ஸ்களில், மின்சாரம் இல்லாதபோது ஒரு கண்ணாடித் தொகுதி மிதந்தபடி இருக்கும். அதன் சத்தம் நோயல்ல. சத்தத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது வகுப்பறைக்கும் பொருந்தும்.

இனி வைத்தியம். அந்த ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி மூன்று இடங்களில் தலையில்லாத சிறு திருகாணிகள் உள்ளன. மெக்கானிக்குகள் கிரப் ஸ்க்ரூ என்பார்கள். ஒற்றைக் கோடு போட்டவை. இந்த மூன்றும்தான் வெளி வளையத்தை உள்குழலோடு பிணைக்கின்றன. இரண்டு முழுக்கவே தளர்ந்திருந்தன, ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷ நோயின் மொத்த விவரம் இவ்வளவுதான். மாற்ற வேண்டிய பாகம் ஒன்றுகூட இல்லை.

மேஜை மேல் வெள்ளைத் துண்டை விரித்தோம். கீழே விழும் திருகாணி உருண்டு ஓடாது, கறுப்பாக இருந்தால் கண்ணுக்கும் தெரியும். ஒவ்வொரு படியிலும் செல்பேசியில் படம் எடுக்கச் சொன்னேன். வளையமும் குழலும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கடிகார ரிப்பேர்காரர் வைத்திருப்பது போன்ற சின்னத் திருப்புளி. அதன் நுனி திருகாணியின் கோட்டில் முழுதாக உட்கார வேண்டும், ஆடக் கூடாது. ஆடும் பொருளைச் சரிசெய்ய, ஆடும் திருப்புளியை எடுத்துப் போகக் கூடாது.

திருப்புளி என்றதும் இன்னொரு செய்தி. இவளுடையது ரஷ்ய லென்ஸ், கோட்டுத் திருகாணி. உங்களில் பலரிடம் இருப்பது ஜப்பான் லென்ஸாக இருக்கும். அவற்றில் கூட்டல் குறி போட்ட திருகாணிகள் இருக்கும். பார்க்க நம் வீட்டு ஸ்டார் திருப்புளிக்குப் பொருந்துவது போலவே தெரியும், ஆனால் பொருந்தாது. நம்முடையது பெரும்பாலும் 1930-களில் அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் பெயரில் பரவிய வடிவம். ஜப்பானியர்கள் தங்கள் ஜே.ஐ.எஸ். தரப்படி சற்று வேறு வடிவத்தில் வெட்டுகிறார்கள். தப்பான நுனியைப் போட்டு அழுத்தித் திருகினால் அது மேலேறி வழுக்கித் திருகாணியின் தலையைக் கடித்துவிடும். பிறகு எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அவர் உங்களைத்தான் முதலில் திட்டுவார். ஜே.ஐ.எஸ். நுனி என்று கேட்டு வாங்குங்கள்.

நம் கதைக்கு வருகிறேன். ஒரு திருகாணியை மட்டும் லேசாக இறுக்கி, வளையம் எல்லையில் முட்டாதபடி கொஞ்சம் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டோம். லென்ஸைக் கேமராவில் மாட்டி மொட்டை மாடிக்குப் போனோம். ஊருக்கு வெளியே ஒரு செல்பேசி கோபுரம் இருக்கிறது, ஒன்றரைக் கிலோமீட்டராவது இருக்கும். திரையில் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, எஃப் 2-இல், அதன் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பினாள். அந்த இடத்தில் நிறுத்தி, திருகாணியைத் தளர்த்தி, உள்குழல் நகராமல் பிடித்துக்கொண்டு, வெளி வளையத்தை மட்டும் முடிவிலிக் குறிக்குக் கொண்டுவந்தாள். பிறகு மூன்றையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பலம் காட்டவும் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொடுக்கும் இறுக்கம் போதும். பித்தளையும் அலுமினியமும் மென்மையான உலோகங்கள், மரை தேய்ந்துவிட்டால் அப்போதுதான் நிஜமாகவே பார்ட்ஸ் தேவைப்படும்.

கடைசியாக, ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஊசி நுனியளவு நகப்பூச்சு. சிரிக்காதீர்கள். காய்ந்தால் திருகாணியை நகரவிடாது, வேண்டும்போது அசிட்டோன் தொட்டால் கரைந்துவிடும். இதற்கென்றே விற்கும் பசையும் உண்டு, லாக்டைட் என்று மெக்கானிக்குகள் சொல்வது. காற்றுப் படும்வரை திரவமாக இருக்கும், காற்றுப் படாத மரை இடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் கெட்டிப்படும். அதை 1953-இல் உருவாக்கியவர் வெர்னன் கிரீபிள் என்ற அமெரிக்கர். என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். வாத்தியார் ஒருத்தர் உலகத்தின் திருகாணிகளை எல்லாம் கழலாமல் வைத்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செலவு, அவள் அம்மாவின் நகப்பூச்சில் மூன்று பொட்டு.

அவள் வருவதற்கு முன் என்ன செய்ய இருந்தாள் தெரியுமா? வளையத்தின் இடுக்கில் ஃபெவிகுவிக் விடலாமா என்று யோசித்தாளாம். இதைப் படிக்கும் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகைப் பசையிலிருந்து எழும் ஆவி கண்ணாடியின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். காவல்துறையினர் கைரேகையைத் துலக்கிக் காட்டப் பயன்படுத்துவது அந்த ஆவியைத்தான் என்றால் புரிந்துகொள்ளுங்கள். டபிள்யூடி-40 போன்ற எண்ணெயையும் லென்ஸுக்குள் தெளிக்காதீர்கள். அது பரவிப்போய்த் திறப்பின் தகடுகளில் ஒட்டி அவற்றைச் சோம்பேறியாக்கிவிடும். ஃபிளாஷ் உள்ள கேமராவின் உடலை எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பின்னும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் பலத்த அதிர்ச்சி கொடுக்கும்.

இனி என் கருத்துக்கு வரும் எதிர்ப்புகள். எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன், கமெண்டில் நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

"சார், இது பழைய காலத்து லென்ஸ். இப்போது வருவதை எல்லாம் இப்படித் திறக்க முடியாது." உண்மை. மோட்டாரும் ரிப்பன் கேபிளும் உள்ள லென்ஸில் கண்ணாடித் தொகுதிகளை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவரக் கருவிகள் வேண்டும். அதை வீட்டு மேஜையில் பிரிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் எது ஆடுகிறது என்று பார்க்கத் திருப்புளியே வேண்டாமே! அடாப்டரா, லென்ஸா, கேமராவா என்று பார்க்க இரண்டு கைகள் போதும். பின்புற வளையத்தின் திருகாணி ஒன்று தளர்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். திறப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு. இரண்டாவதை யாரும் நமக்குத் தடை செய்யவில்லை.

"என் ஒரு மணி நேரத்துக்கு இதைவிட மதிப்பு அதிகம்." இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் செல்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்காமல் சம்பாதித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இதைச் சொல்லட்டும். மற்றவர்களுக்குப் பதில் வேறு. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் மிச்சம் பிடித்தது நாலாயிரத்து ஐநூறு மட்டுமல்ல. இதுவரை அவளுக்கு லென்ஸ் என்பது காசு கொடுத்து வாங்கும் ஒரு பெட்டி. இப்போது வளையத்தைத் திருப்பினால் உள்ளே என்ன நகர்கிறது, ஏன் நகர்கிறது என்று தெரியும். நான் பத்து நாள் கரும்பலகையில் நடத்திய பாடம் அது.

"எல்லோரும் தாங்களே ரிப்பேர் செய்துகொண்டால் மெக்கானிக் பிழைப்பு என்னாவது?" இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. என் பழைய மாணவன் ஒருவன் கேமரா ரிப்பேர் கடை வைத்திருந்தான். இப்போது அதே கடையில் செல்பேசித் திரை மாற்றுகிறான். அவனிடம் பேசினேன். "சார், ஜனங்க சரிபண்ணிக் குடுன்னு வர்றதில்லை. சரிபண்ண எவ்வளவு, புதுசு எவ்வளவுன்னு விலை கேட்கத்தான் வர்றாங்க. கேட்டுட்டு புதுசு வாங்கப் போயிடறாங்க. வேலை கத்துக்கப் பையனும் வர்றதில்லை" என்றான். நான் கண்டவரையில், பொருளைத் திறந்து பார்த்தவன்தான் மெக்கானிக்கின் கூலியில் பேரம் பேசுவதில்லை. அந்தச் சின்னத் திருகாணியைப் பிடிக்கக் கண்ணும் கையும் என்ன பாடுபட்டது என்று அவனுக்குத் தெரியும். முன்னூறு ரூபாய் ரிப்பேர் கூலியில் ஐம்பதைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே பீட்சாவுக்கு எண்ணூறு கொடுப்பவன் எதையும் திறந்து பார்க்காதவன். இவனைப் போன்ற ஒருவன் கடையை மூடினால் அவன் கையில் இருக்கும் வித்தையும் அதோடு போய்விடும். அதை யூடியூபில் பார்த்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. இங்கே இழக்கப்போவது ஒரு லென்ஸை அல்ல என்று நான் சொல்வது இதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்பீர்கள். பழுதுபார்க்கும் உரிமை என்று உலகம் முழுக்கப் பேச்சு வந்திருக்கிறது. பிரான்ஸில் 2021 முதல் சில பொருள்களின் மேல், அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும். நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தனி உத்தரவே கொண்டுவந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் சட்டம் பாகத்தைக் கிடைக்கச் செய்யும், விளக்கப் புத்தகத்தைக் கொடுக்கச் செய்யும். "எந்த இடம் ஆடுது?" என்று நம்மைக் கேட்க வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அந்தக் கேள்வி வீட்டில் பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில்.

பள்ளிக்கூடத்தில் அது ஒரு காலத்தில் இருந்தது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரமே, கைவேலை வழியாகப் பாடம் என்பதுதான். அதன் மிச்சமாக நம் பள்ளிகளில் தறியும் தக்ளியும் தச்சு உளியும் இருந்ததை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பிறகு அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியாரும் நானும்தான் பங்கு போட்டுக்கொண்டு சிலபஸ் முடித்தோம். தேர்வில் கேட்காத எதுவும் நேர விரயம் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய காலம் அது. நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் வந்தார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் லென்ஸ் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு லென்ஸைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாத நிலைமையும் அதோடு சேர்ந்தே வந்தது.

வகுப்பறையில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு பையன் எட்டாம் வகுப்பில் திடீரென்று மதிப்பெண் குறைந்துபோனான். போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்ப்பான். ஆசிரியர் அறையில் "மக்கு, காப்பியடிக்கிறான், தேறமாட்டான்" என்று பேசிக்கொண்டார்கள். அவனை முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தேன். அங்கிருந்து எல்லாவற்றையும் எழுதினான். அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனை, இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி. அடுத்த பரீட்சையில் அறிவியலில் வகுப்பிலேயே இரண்டாவது. பையன் உடைந்துபோகவில்லை. அவனுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் கூர்மை விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அவனைக் கழித்துவிட நினைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியின் பூச்சைப் பூஞ்சை அரித்துவிட்டால், மரை முழுக்கத் தேய்ந்துவிட்டால், கீழே விழுந்து குழல் நசுங்கிவிட்டால், விடைகொடுக்கத்தான் வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் இந்த வித்தையின் பாதி. முன் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் இரண்டு சிறு பள்ளங்கள் இருந்தால் அதற்கென்று ஒரு ஸ்பானர் உண்டு, அது இல்லாமல் கத்தி நுனியைப் போட்டு நெம்பாதீர்கள். உள்ளே மரைக்குழலைப் பிரிக்கும் அளவுக்குப் போகவேண்டி வந்தால், அதில் மரை பல இடங்களில் தொடங்கும், தப்பான தொடக்கத்தில் சேர்த்தால் ஃபோகஸ் மொத்தமும் மாறிவிடும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போய் அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள். ஆனால் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். தேடாமலே நிறுத்தாதீர்கள்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். இந்த மாதம் வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றை எடுங்கள். கேமராவே வேண்டியதில்லை. குக்கர் கைப்பிடி, மூக்குக் கண்ணாடியின் காது, மேஜை விசிறியின் கழுத்து, பிள்ளையின் சைக்கிள் ஸ்டாண்டு, எதுவானாலும் சரி. மூன்று கேள்வி கேளுங்கள். எது ஆடுகிறது? அதை இதுவரை பிடித்துக்கொண்டிருந்தது எது? அந்தப் பிடி ஏன் விட்டது? பக்கத்தில் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். திருப்புளியை அவர்கள் கையில் கொடுங்கள், மின்சாரப் பொருளானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. கை நடுங்கினால் நடுங்கட்டும். திருகாணி விழுந்தால் தேடட்டும்.

செய்தவர்கள் கமெண்டில் படம் போடுங்கள். முடியாமல் போனாலும் எழுதுங்கள், எந்த இடத்தில் நின்றீர்கள் என்று சேர்ந்து பார்ப்போம். கேமரா ரிப்பேர் தெரிந்த என் மாணவனும் இதைப் படிப்பான். டேய், கேள்வி கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லு. கற்றுக்கொள்ள ஒரு பையனோ பெண்ணோ வந்தால், திருப்பி அனுப்பாதே.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்